லேஸ் பின்னலுக்கு எவ்வழியாக வந்தோம், ஏன் விடாமல் இருக்கிறோம்?

காவேரிப்பட்டணத்தாள் (தொடக்கப் பதிவு)

நம் குழுவின் உறுப்பினர் பட்டியலை அண்மையில் பார்த்தபோது, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் லேஸ் பின்னுகிறவர்கள் நான் எண்ணியிருந்ததைவிட அதிகமாக இருப்பது தெரிந்தது. நாகர்கோவிலில் ஒரு பெண் லேஸ் பின்னினால் யாரும் காரணம் கேட்பதில்லை. கிருஷ்ணகிரியில் பின்னினால் கேட்கிறார்கள். மாங்கூழ், பட்டுக்கூடு, புளி, கிரானைட் என்று நம் பகுதியின் பெயரோடு ஒட்டிவரும் பொருள்கள் பல உண்டு. லேஸ் அவற்றில் ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே இங்கே இதைச் செய்கிற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வழியில் இதை வந்தடைந்திருக்க வேண்டும். அந்த வழிகளை அறிய விரும்புகிறேன்.

என் வழியில் புதுமை ஏதும் இல்லை. நான் படித்த காலத்தில் பெண்கள் பள்ளிகளில் தையல் வகுப்பு உண்டு. முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசியைப் பிடிக்க அங்கேதான் கற்றோம். தொலைக்காட்சிப் பெட்டிக்கு உறை, தொலைபேசிக்கு உறை, நிலைப்படிக்குத் தோரணம் என்று ஒரு தலைமுறையே பின்னித் தள்ளியது. (அந்த உறைகளில் ஒன்றிரண்டு எங்கள் தெருவில் இன்றும் கிரைண்டரின் மேல் கிடக்கின்றன.) என்னோடு கற்றவர்களில் பெரும்பாலோர் திருமணத்துக்குப் பின் ஊசியைத் தொடவில்லை. கற்றது ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியையிடம். அப்படியிருக்கச் சிலர் மட்டும் ஏன் தொடர்கிறோம் என்பதே என் கேள்வி.

"மன அமைதி கிடைக்கிறது" என்ற விடையை மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். அரிசியில் கல் பொறுக்கினாலும் மன அமைதி கிடைக்கும்.


ஓசூர் இரண்டாம் ஷிப்ட்

வணக்கம் அம்மா. நீங்கள் தடை செய்த விடையைத்தான் நான் எழுதத் தொடங்கியிருந்தேன். அழித்துவிட்டு வேறு யோசிக்க வேண்டியதாயிற்று.

நான் செய்வது டாட்டிங், அதாவது நூலில் சிறு முடிச்சுகளை வரிசையாகப் போட்டுச் செய்யும் லேஸ். தருமபுரி வழியாகப் பெங்களூரு செல்லும் ரயிலில், எதிர் இருக்கையில் இருந்த ஒரு கன்னியாஸ்திரீயின் கையில்தான் அதை முதலில் கண்டேன். ஊசி இல்லை, சட்டம் இல்லை. விரல் நீளத்தில், படகு வடிவில் இருந்த ஒரு ஷட்டில் மட்டும் அவருடைய இடக்கை நூலுக்கு மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டிருந்தது. ஆண்பிள்ளை இதைக் கேட்கலாமா என்று தயங்கித் தயங்கி, ஓசூர் நெருங்கும் வேளையில்தான் கேட்டேன். பெயரை மட்டும் தெரிந்துகொண்டு இறங்கினேன். மற்றதெல்லாம் காணொளிகள் சொல்லிக் கொடுத்தவை.

டாட்டிங் பழகுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். ஷட்டில் நூலால் இடக்கை நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவதாகக் கண்ணுக்குத் தெரியும். அதை அப்படியே இறுக்கினால் முடிச்சு அங்கேயே பூட்டிக்கொள்ளும். வளையத்தை மூட முடியாது. ஷட்டில் நூலை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, அதே நொடியில் இடக்கை விரல்களைத் தளர்த்த வேண்டும். அப்போது முடிச்சு ஒரு நூலிலிருந்து மற்றொரு நூலுக்குத் தாவுகிறது: ஷட்டில் நூல் நேராக உள்ளே ஓட, இடக்கை நூல் அதைச் சுற்றிக்கொள்கிறது. இனி ஷட்டில் நூலை இழுத்தால் வளையம் வழுக்கிக்கொண்டு மூடும். இந்தத் தாவலை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும்வரை எரிச்சலாகவே இருக்கும், கண்டுபிடித்தவர் பிறகு விடுவதில்லை என்பது என் கணிப்பு.

எனக்கு வேறொரு காரணமும் உண்டு. தொழிற்சாலையில் ஓர் உதிரிபாகம் என் முன் சில நொடிகள் நின்றுவிட்டு நகர்ந்து போகும். அது என்னவாகிறது என்பது என் கையில் இல்லை. கம்பெனிப் பேருந்தில் பின்னுகிற சிறு பூவின் முதல் முடிச்சும் கடைசி முடிச்சும் என்னுடையவை. நண்பர்கள் கேலி செய்தார்கள். இப்போது தங்கள் பெண் குழந்தைகளுக்குக் காது வளையம் பின்னித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள்.


நாஞ்சில் மருமகள்

பிறந்தது நாகர்கோவில், வாழ்க்கைப்பட்டது கிருஷ்ணகிரி. ஆகவே காவேரிப்பட்டணத்து அக்கா சொன்ன இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் யாரும் காரணம் கேட்பதில்லை என்பது உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் வேறு.

இலண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்தார். அவருடைய மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் கற்பிக்கத் தொடங்கினார். அவர்களுடைய மகள் எலைசாவைத்தான் பிற்பாடு கால்டுவெல் மணந்தார். அந்த அம்மையார் வழியாக இக்கலை இடையன்குடிக்கும் போயிற்று. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855-இல். அதற்கு முன்பே, லேஸ் கூலியைச் சேர்த்து வைத்துத் தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய பெண்கள் இருந்தனர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. அவர்கள் லேஸைக் "கண்டுபிடிக்கவில்லை". அது அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதில் நிலைத்ததும் அழகுணர்ச்சியால் மட்டும் அன்று.

என் அம்மா துண்டுக்கணக்குக் கூலிக்குப் பாபின் லேஸ் (பாபின் என்ற சிறு குச்சிகளில் சுற்றிய நூல்களை ஒரு திண்டின் மேல் வைத்துப் பின்னுவது) பின்னியவர். பகல் முழுதும் வீட்டு வேலை, வெளிச்சம் இருக்கும் மற்ற நேரமெல்லாம் திண்டின் முன். முடித்த நீளத்தை அளந்து பணம் கொடுப்பார்கள். ஓரத்தில் அழுக்குப் பட்டிருந்தால் குறைத்துக் கொடுப்பார்கள். "ஏன் விடாமல் இருந்தாய்" என்று அம்மாவிடம் கேட்டால் சிரித்திருப்பார். மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாப்பூரிலும் இதே கதைதான். அங்குள்ள குரோஷா லேஸ் பெண்களைப் பற்றி ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் செய்த ஆய்வு 1982-இல் வெளிவந்தது. ஒரு நாளின் பெரும்பகுதியை லேஸுக்குக் கொடுத்த பெண்களை, ஓய்வு நேரத்தில் கைவேலை செய்யும் இல்லத்தரசிகளாகவே வணிகர்கள் கணக்கு வைத்தார்கள் என்பதுதான் அதன் சாரம். "ஓய்வு நேரம்" என்று சொல்லிவிட்டால் கூலியைக் குறைத்துவிடலாம் அல்லவா? நரசாப்பூர் லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; நல்லதுதான்.

நம்மில் விரும்பி வந்தவர்கள் தாம் ஏன் தொடர்கிறோம் என்று பேசுவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் இக்கலையை இன்றுவரை உயிரோடு வைத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்தக் கேள்வியே கிடைக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது.


அரூர் தையலகம்

நாஞ்சில் அம்மா சொன்னதற்கு என் கடையிலிருந்து ஒரு சான்று. பர்கூர் துணிக்கடைகளில் மீட்டர் கணக்கில் வாங்கி வரும் லேஸைத்தான் நான் சுடிதாருக்கும் பாவாடைக்கும் வைத்துத் தைக்கிறேன். வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்கும் ஜிபிஓ லேஸ் உண்மையில் பின்னப்பட்டதே அன்று. ஓர் அடித்துணியின் மேல் இயந்திரம் நெருக்கமாக எம்பிராய்டரி போடுகிறது. பிறகு அந்த அடித்துணியைக் கரைத்து அகற்றிவிடுகிறார்கள். தையல் மட்டும் மிஞ்சுகிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஓரங்களில் பிசிறும், குறுக்கும் நெடுக்குமான தையலும் தெரியும். கையால் பின்னிய பாபின் லேஸில் ஒரே நூலைத் தொடர்ந்து கண்ணால் பின்பற்றிக்கொண்டு போகலாம். நெய்த துணியில் பாவும் ஊடையும் போவதைப் போல அது எங்கோ போய் எங்கோ வெளிவரும்.

இது புதிய போட்டியும் அன்று. இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் லேஸ் வலை பின்னும் இயந்திரத்துக்கு 1808-09-இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். 1816-இல் லஃப்பரோவில் இருந்த அவருடைய ஆலைக்குள் லட்டைட்டுகள் (இயந்திரங்களை எதிர்த்த தொழிலாளர்கள்) புகுந்து இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள்; அவர் ஆலையை டிவெர்ட்டனுக்கு மாற்றிக்கொண்டார். அன்றே விலைப் போட்டியில் கை தோற்றுவிட்டது. ஆகவே "கைவேலைக்கு உரிய விலை கிடைக்கும், பொறுத்திருங்கள்" என்று புதியவர்களிடம் யாரும் சொல்லாதிருப்பது நல்லது.


பென்னாகரம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் பாபின் லேஸைக் காணொளியில் மட்டுமே பார்த்திருக்கிறேன். ஒரு வயதான பெண்மணி திண்டின் மேல் நிறையக் குச்சிகளைப் பார்க்காமலே மாற்றி மாற்றிப் போட்டார். அத்தனை குச்சிகளில் எதை எடுப்பது என்று அவருக்கு எப்படித் தெரிகிறது என்ற ஒரே கேள்விதான் என்னை இதற்குள் இழுத்தது. பாபின்களின் விலையை இணையத்தில் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டேன். குறைந்த செலவில் தொடங்க வழி இருக்கிறதா, அம்மா?


நாஞ்சில் மருமகள்

பென்னாகரம் தங்கைக்கு: இருக்கிறது. நீ பார்த்த குச்சிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை. எந்த நொடியிலும் கையில் இருப்பவை நான்கு பாபின்கள், அதாவது இரண்டு ஜோடிகள். மற்றவை ஓரத்தில் காத்திருக்கும். அந்த நான்கைக் கொண்டு செய்யக்கூடிய அசைவுகளும் இரண்டே. நடுவில் உள்ள இரண்டில் இடப்பக்கத்ததை வலப்பக்கத்ததின் மேல் போட்டால் அது குறுக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதின் மேல் போட்டால் அது முறுக்கு. குறுக்கு-முறுக்கு என்று நிறுத்தினால் ஒளி புகும் அரைத்தையல். குறுக்கு-முறுக்கு-குறுக்கு என்று போனால் துணி போன்ற அடர்ந்த பரப்பு. வெனிஸில் 16-ஆம் நூற்றாண்டில் பின்னியதும் பெல்ஜியத்தில் பின்னுவதும் எங்கள் அம்மா பின்னியதும் இந்த இரண்டு அசைவுகளின் வரிசை மாற்றங்கள்தான். எதை எடுப்பது என்பதைத் திண்டின் மேல் வைத்த மாதிரி அட்டையில் உள்ள புள்ளிகளும், அவற்றில் குத்திய குண்டூசிகளும் சொல்லும்.

பாபினுக்குப் பதில் துணி உலர்த்தும் மரக்கிளிப்புகள் போதும். அவற்றில் நூலைச் சுற்றினால் எடையும் ஓரளவு சரியாக இருக்கும். திண்டுக்கு வைக்கோலை நன்றாக இடித்து இறுக்கி, கெட்டித் துணியால் தைத்துவிடு. குண்டூசி ஆடாமல் நிற்க வேண்டும், அதுதான் சோதனை. பொதி கட்டி வரும் தெர்மக்கோல் தொடக்கத்தில் நன்றாகத் தெரியும். கொஞ்ச நாளில் துளைகள் தளர்ந்து குண்டூசிகள் சாய்ந்துவிடும். துருப்பிடிக்காத குண்டூசியாகப் பார்த்து வாங்கு. நூலில் துருக்கறை ஏறினால் போகாது. நூல், கடைகளில் கிடைக்கும் ஆங்கர் குரோஷா நூலே போதும். எண் கூடக்கூட நூல் மெலியும் என்பதை நினைவில் வை. 20-ஆம் எண்ணில் தொடங்கு.

பிழை நேர்ந்தால் பயப்படாதே. குண்டூசியைப் பிடுங்கு, கடைசியாகச் செய்த அசைவைத் தலைகீழாகச் செய், பிறகு அதற்கு முந்தியதை. வந்த வழியே திரும்பிப் போகலாம், நூலுக்கு ஒரு சேதமும் வராது.


காவேரிப்பட்டணத்தாள்

நாஞ்சில் தங்கையின் கடைசிப் பத்தியைப் படித்த பிறகு என் கேள்விக்கு ஒரு விடை தோன்றுகிறது. சரியா என்று சொல்லுங்கள்.

குரோஷாவில் ஒவ்வொரு தையலின் முடிவிலும் கொக்கியில் ஒரே ஒரு கண்ணிதான் நிற்கும். அதை விட்டு நூலை இழுத்தால், ஒரு வாரப் பின்னல் ஒரு நிமிடத்தில் சரசரவென்று அவிழ்ந்து மீண்டும் நூல்கண்டாகிவிடும். டாட்டிங்கில் அதற்கு இடமில்லை: மூடிய வளையத்தைத் திறப்பதே பாடு; ஒவ்வொரு முடிச்சையும் ஊசிமுனையால் நெம்ப வேண்டும்; பெரும்பாலும் கத்தரிக்கோல்தான் முடிவு. பாபின் லேஸில் அவிழ்க்கலாம், ஆனால் ஒவ்வோர் அசைவாகத்தான். குறுக்கு வழி கிடையாது. ஒருவர் எந்த லேஸில் நிலைக்கிறார் என்பது, தன் பிழையை அவர் எப்படி நடத்த விரும்புகிறார் என்பதைப் பொறுத்தது என்று எண்ணுகிறேன். எனக்குப் பெரிதாகக் கெடுத்துவிட்டுப் பெரிதாக அவிழ்க்கப் பிடிக்கும். ஆகவே குரோஷாவை விட்டு நகரவில்லை. ஓசூர் தம்பி இனித் திருத்த முடியாது என்ற கட்டத்தில்தான் கவனமாக இருப்பார் போலும்.


ஓசூர் இரண்டாம் ஷிப்ட்

அம்மா, படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் டாட்டிங்கில் நிலைத்ததற்குக் காரணம் என் குணம் அன்று, பேருந்து. வைக்கோல் திண்டை மடியில் வைத்துக்கொண்டு கம்பெனிப் பேருந்தில் உட்கார முடியாது. ஷட்டிலும் நூலும் சட்டைப் பையில் அடங்கும். வேகத்தடையில் பேருந்து குதித்தாலும் முடிச்சு நழுவாது. முதலில் எது கையில் ஒத்துவருகிறதோ அதில் நிற்கிறோம். குணத்தை அதுதான் பிறகு வளர்க்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். ஷட்டில் பிடித்த பிறகு நான் எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் இறுக்குகிறேன் என்று என் மனைவி சொல்கிறார்.


பாலக்கோடு பட்டு

நான் எதிர்த்திசையிலிருந்து வந்தவன். எங்கள் வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறோம். கூடுகளைத் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டுபோய்ப் போடுவதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். மல்பெரி இலையை வெட்டுவதும் தட்டுகளை மாற்றுவதும் எனக்குத் தெரியும். நூலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது பிறகு என்னவாகிறது என்று தேடப்போய், பிரான்சில் 18-ஆம் நூற்றாண்டில் சாயமேற்றாத பட்டில் பின்னிய பிளாண்ட் லேஸையும், கறுப்புப் பட்டில் பின்னிய ஷான்டிலி லேஸையும் படங்களில் பார்த்தேன். நம் பட்டிலும் செய்து பார்க்கலாம் என்று தெரிந்தவரிடம் சிறிது கச்சாப் பட்டுநூல் வாங்கி வைத்திருக்கிறேன். முள்போல் விறைப்பாக இருக்கிறது, பாபினிலிருந்து தானாக உருவிக்கொண்டும் போகிறது. தொடர்வேனா என்று கேட்டால், இந்த உரையாடலில் இதுவரை எழுதியவர்களுள் உறுதியில்லாத ஒரே ஆள் நான்தான்.


நாஞ்சில் மருமகள்

தம்பி, விறைப்புக்குக் காரணம் பட்டின் மேல் உள்ள செரிசின் என்ற பசை. சோப்புக் கரைசலில் நூலைச் சிட்டமாக அப்படியே போட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்திருந்து, நன்றாக அலச வேண்டும். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடும். மிஞ்சுவதுதான் நீங்கள் எதிர்பார்க்கும் மென்மையும் பளபளப்பும். உருவிக்கொண்டு போவதற்கு, பாபின் கழுத்தில் ஒரு சுருக்கு போடும் இடத்தில் இரண்டு போடுங்கள். பட்டு வழுக்கும், பருத்தி அப்படி வழுக்காது. முதல் லேஸைப் பட்டில் தொடங்காதீர்கள் என்பதுதான் என் உண்மையான அறிவுரை. கேட்க மாட்டீர்கள் என்று தெரியும்.


காவேரிப்பட்டணத்தாள்

பாலக்கோட்டுத் தம்பிக்கு இன்னொரு செய்தி. குரோவாசியாவின் ஹ்வார் தீவில் பெனடிக்டைன் கன்னியாஸ்திரீகள் கற்றாழை மடலுக்குள்ளிருந்து உருவிய நாரில் லேஸ் பின்னுகிறார்கள்; அந்நாட்டின் லேஸ் கலையை யுனெஸ்கோ 2009-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது ஹ்வாரும் அதில் இடம்பெற்றது. நம் தண்டவாள ஓரங்களிலும் தோட்ட வேலிகளிலும் ரயில் கற்றாழை கேட்பாரற்று வளர்கிறது. பட்டு கைக்கு வராவிட்டால் அதையும் முயன்று பாருங்கள். சாறு தோலில் பட்டால் அரிக்கும்; கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

நாஞ்சில் தங்கை எழுதிய கூலிக் கதையையும் எண்ணிக்கொண்டே இருக்கிறேன். ஸ்லோவேனியாவின் இத்ரியா முன்பு பாதரசச் சுரங்க ஊராக இருந்தது. சுரங்கத் தொழிலாளிகளின் மனைவியர் வருமானத்துக்காகத்தான் பின்னினார்கள். 1876-இல் அங்கே லேஸ் பள்ளி தொடங்கியது; இன்றும் பிள்ளைகள் அதில் கற்கிறார்கள். கூலிக்காகத் தொடங்கியது கூலி நின்ற பிறகும் தொடர முடிந்ததற்கு, கற்பிக்க ஓர் இடம் இருந்ததே காரணம் என்று நினைக்கிறேன். பள்ளித் தையல் வகுப்பு இல்லாதிருந்தால் நானும் ஊசியைக் கண்டிருக்க மாட்டேன்.


நாஞ்சில் மருமகள்

அதை ஒப்புக்கொள்கிறேன், அக்கா. அம்மா கண் மங்கிய பிறகு கூலிக்குப் பின்னுவதை நிறுத்தினார். ஆனால் திண்டைத் தூக்கிப் போடவில்லை. பேத்திக்கு ஒரு சட்டைக் கழுத்துப்பட்டி பின்னினார், அளந்து பார்க்க ஆளில்லாமல், தமக்குப் பிடித்த வேகத்தில். அப்போது மட்டும் ஓரத்தில் வழக்கமில்லாத ஒரு சிலந்தி வடிவத்தைச் சேர்த்தார். வணிகர் கொடுத்த அட்டையில் அது கிடையாது.


அரூர் தையலகம்

அந்தக் கழுத்துப்பட்டிக்கு என் கடையில் விலை கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. விற்காதீர்கள்.


பென்னாகரம் மாணவி

அம்மா, நீங்கள் சொன்னபடி நான்கு கிளிப்புகளில் நூல் சுற்றி, குறுக்கு-முறுக்கு மட்டும் போட்டு நீளமாகப் பின்னிப் பார்த்தேன். தட்டையான பின்னல் வரும் என்று எழுதியிருந்த இடங்களில் எல்லாம் படம் தட்டையாகத்தான் இருக்கிறது. எனக்குக் கயிறு திரித்தாற்போல் சுழன்றுகொண்டு வருகிறது. நூல் தவறா, இழுப்பு தவறா?


நாஞ்சில் மருமகள்

இரண்டும் இல்லை. முறுக்கும்போதும் இடதை வலதின் மேல் போடுகிறாய். குறுக்கில் இடது வலதின் மேல். முறுக்கில் வலது இடதின் மேல். இரண்டும் ஒரே திசையில் போனால் நூல்கள் ஒன்றையொன்று பூட்டாமல் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போகும். அவிழ்த்துவிட்டு மெதுவாகப் போடு. ஒவ்வொரு முறுக்குக்கும் பின் இரு ஜோடிகளையும் விலக்கி ஒருமுறை இழுத்துவிடு. தட்டையாக வந்ததும் படம் போடு, அடுத்து குண்டூசி வைத்துப் பின்னச் சொல்லித் தருகிறேன்.